ஏரியின் அமாவாசை: திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக

எழுபத்து மூன்றில் பி.ஏ. தத்துவம் முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான். கடைசித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: மனித வாழ்வின் நோக்கம் பற்றிய வெவ்வேறு பார்வைகளை ஒப்பிடுக. இன்பம், கடமை, விடுதலை என்று பிரித்து நான்கு பக்கம் எழுதினேன். அரிசி ஆலையில் மூட்டை தைக்கும் அப்பாவிடம் அன்று இரவு சொன்னபோது, "இதுல எதும்மா சரி?" என்று கேட்டார். ஒப்பிடத்தான் சொல்லியிருந்தார்கள், சரி எது என்று கேட்கவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த மாசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பட ஆலையில், பௌண்டரி என்பார்களே, அதில் குமாஸ்தா வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பாவுக்கு ஆலையில் விடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நான் தனியாகப் போன முதல் பயணம் அது. அந்தப் பக்கம் வேலைக்கோ ஏரி பார்க்கவோ போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் நான் போன வழி நான் திட்டமிட்ட வழி இல்லை.

ஞாயிறு, காலண்டர்படி அமாவாசை. அம்மாவின் வற்புறுத்தலால் காலை ஆறு மணிக்கே வீரராகவர் கோயில் குளத்துக்குப் போனேன். உடம்பில் கொப்புளம், கட்டி என்று எதுவானாலும் இந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். எனக்கு எந்தக் கட்டியும் இல்லை. "பயமும் ஒரு கட்டிதான், கரைச்சுட்டு வா" என்று அம்மா ஓர் அச்சு வெல்லத்தைக் கொடுத்திருந்தாள். தண்ணீரில் கையை வைத்து அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்புகள் முதலில் போயின. பிறகு விரல்களைச் சுற்றிப் பழுப்பாக ஒரு புகை. கடைசியில் கையில் எதுவும் இல்லை, ஆனால் இருப்பது போலவே இருந்தது.

பக்கத்துப் படியில் என் வயதுப் பெண் ஒருத்தி வெல்லத்தைக் கரைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு மருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் தேசம்மா. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். வெள்ளிக்கிழமையே திருவள்ளூரில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் கணவன் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான், கையெல்லாம் கொப்புளம், அதற்குத்தான் வேண்டுதல். நான் சேரப்போகும் அதே ஆலை. இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னாள்.

மேல் படியில் குடத்துடன் இறங்கிய அர்ச்சகர் வீட்டு மாமி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "கூட்டம் வரதுக்குள்ள வந்துட்டேள், நல்லதாப் போச்சு. எங்காத்துல நேத்தே தர்ப்பணம் ஆயிடுத்து. நேத்து மத்தியானமே அமாவாசை பொறந்துடுத்தோன்னோ."

தேசம்மாவின் பாட்டில் படியில் 'டங்' என்று இடித்தது.

"நேத்தா? காலண்டர்ல இன்னிக்கின்னு கீதே!"

"காலண்டர் காலம்பற சூரியன் உதிக்கறச்சே இருக்கற திதியைப் பார்த்துப் போடறதும்மா."

"அய்யய்யோ, எங்க ஊர்ல அமாவாசை பொறந்த நாளுதான் கணக்கு! அப்போ இன்னிக்கி சாயங்காலமே சீட்டு!"

அவள் பதறியது ஏன் என்று பேருந்தில்தான் முழுதாகப் புரிந்தது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. நல்ல இடங்களில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்கும் அன்று படும் மீனுக்கும் பாடு என்றே பெயர். அவர்கள் குப்பத்தில் மாசி அமாவாசைக்கு மறுநாள், விளக்கு வைக்கும் முன் சீட்டு. பேருக்குரிய ஆண் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்தப் பேர் விழுந்துவிடும், மறுபடி ஏற்றுவது லேசு இல்லை. ஏழுமலை ஆலைச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்லி வைத்திருந்தான்.

"இப்பவே கும்மிடிப்பூண்டி போயி அத இட்டாரணும். உனுக்கு வழி தெரியுமா மே?" என்றாள் தேசம்மா, குளத்துப் படியிலேயே.

நானும் அங்கேதான் போகிறேன் என்றேன், ஆனால் வழி எனக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்தே போனோம்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதானால் சென்னை போய் வேறு ரயில் மாற வேண்டும். பேருந்தே மேல். ஏழரை மணிக்கு ஊத்துக்கோட்டை வண்டி, சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்து வேறு வண்டி. இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு ரூபாய்க்குள் முடியும். ஊத்துக்கோட்டையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொள்வது நல்லது, அதற்கப்புறம் ஒன்றும் கிடைக்காது. வழியெல்லாம் வேர்க்கடலைக் காடு, நடுநடுவே தெலுங்குப் பேச்சு. தேசம்மா ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாண்ணே, மாடு கூட முந்திக்கினு போவுது?"

"அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்மா" என்றார் கண்டக்டர்.

"நேத்தே கெளம்பியிருக்கணும்னு இன்னிக்கித்தான தெரிஞ்சுது!"

கண்டக்டர் சிரித்தார். "எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா. எறங்கற எடம் வந்தா எறங்கிக்கினு போய்க்கினே இருக்கணும். நடுவுல கணக்கு பாத்தா பேஜாரு." என் நான்கு பக்கங்களில் இந்தப் பார்வை இல்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே ஆலை வாசலில் நின்றோம். சுற்றிலும் முள் கம்பி, நடுவே புதுக் கட்டடங்கள், இடையிடையே இன்னும் நெல் அறுத்த தாள். தொழிற்பேட்டை தூக்கத்தில் பாதி எழுந்து உட்கார்ந்தது போல இருந்தது. ஷிப்டு இரண்டு மணிக்குத்தான் முடியும். வேப்ப மரத்தடியில் காத்திருந்தோம். சங்கு ஊதியதும் கரிபூசிய முகங்கள் வரிசையாக வந்தன. ஏழுமலையை அவன் கையில் சுற்றிய துணியை வைத்து நானே கண்டுபிடித்தேன்.

"இன்னாமே நீ இங்க?"

"இன்னிக்கி சீட்டுய்யா! நேத்தே பொறந்துடுச்சாம். நீ காலண்டரப் பாத்து லீவு சொல்லிக்கீற. ஏரி இன்னா காலண்டரா பாக்குது?"

அவன் திரும்பி ஆலை வாசலைப் பார்த்தான். "மேஸ்திரி ரெண்டாவது ஷிப்டும் நிக்கச் சொல்லிக்கீறாரு. வெளிய வந்தது டீக்குத்தான். நிரந்தரம் பண்றதுக்குப் பேர் குடுக்கறாங்களாம்."

"அங்க பேர் வுழுந்தா?"

"வுழட்டும். எங்கப்பாரு ஆயுசெல்லாம் தண்ணியப் பாத்துக்கினே இருந்தாரு. இன்னா கெடச்சுது?"

"நீ நெருப்பப் பாத்துக்கினு கீற. உனுக்கு இன்னா கெடச்சுதுன்னு காட்டு."

அவன் கையை அவளே பிடித்து இழுத்து, துணியை அவிழ்த்து, பாட்டிலில் இருந்த குளத்துத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினாள். திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள். அவன் கையை எடுக்கவில்லை. தண்ணீர் தீர்ந்ததும் உள்ளே போனான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா சொன்னாரு?"

"நாளிக்கி வா, பேசிக்கறேன்னாரு."

நான் அத்தை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு கஷ்டம், விடைபெறவும் வாய் வராது. பொன்னேரி வண்டியில் அவர்களோடு ஏறிவிட்டேன். பொன்னேரியில் மாறி, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். நாலரைக்குக் கரையில் இருந்தோம். படகுக்கு ஆளுக்கு இருபத்தைந்து பைசா.

அந்த ஏரியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடல் மாதிரி அகலம், ஆனால் ஆழம் இடுப்பளவுதான். படகுக்காரர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். பாய், காற்று வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். தொலைவில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன, அவை எதன் மேல் நிற்கின்றன என்று தெரியவில்லை. நகர்கிறோமா, ஏரிதான் எங்களைக் கடந்து போகிறதா என்று கொஞ்ச நேரம் எனக்கு நிச்சயமில்லை. அந்த மயக்கத்தில்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"தேசம்மா, எங்க பரீட்சைல ஒரு கேள்வி வந்துது. நாம எதுக்காக வாழறோம்னு நினைக்கிற?"

அவள் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா கேள்விமே இது? மொற வருதுல்ல, அதுக்குத்தான்."

"வரலைன்னா?"

"வர்ற வரிக்கும் வலையக் கட்டிக்கினு இருக்கணும்."

ஏழுமலை சிரித்தான். "இதப் பரீட்சைல எழுதினியா, டீச்சரம்மா?"

"இல்ல."

"அதான் எங்க பௌண்டரிக்கு வந்துக்கீற."

நானும் சிரித்துவிட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவன் மேற்கே பார்த்தான். அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது, ஆலைப் புகையோ மேகமோ. "எனுக்கு ரெண்டும் வோணும்" என்றான் மெதுவாக. "அங்க நிக்கறப்ப இது கனாவுல வருது. இங்க வந்தா அந்த சங்கு காதுல ஊதுது."

குப்பத்தில் கோயில் முன் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு மண்பானை. ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளத்தை அதில் போட வேண்டும்: சிப்பி, சங்குத் துண்டு, முடிச்சிட்ட வலைக்கயிறு. எல்லாரும் போட்டு முடித்திருந்தார்கள்.

"வந்தாரு பாரு பாக்டரிக்காரரு!"

"சீக்கிரம் போட்றா, வெளக்கு வெக்கற நேரம்" என்றார் ஊர்த் தலைவர்.

ஏழுமலையின் அடையாளம் அவன் அப்பாவின் சிப்பி. அது வீட்டுக் கூரையில் எங்கோ செருகியிருந்தது. வீடு குப்பத்தின் அந்தக் கோடியில். அவன் சட்டைப் பையைத் துழாவினான். ஆலைக்குள் போகக் காட்ட வேண்டிய, எண் அடித்த வட்டமான பித்தளை டோக்கன் கையில் வந்தது. அதையே போட்டுவிட்டான். பானைக்குள் அது விழுந்த சத்தம் மற்ற எதைப் போலவும் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு சிறுமி பானையில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுக்க, தலைவர் அதற்குரிய இடத்தையும் நாளையும் சொன்னார். பித்தளை வெளியே வந்தபோது ஏழுமலைக்கு நல்ல இடம் ஒன்று விழுந்தது, பங்குனியில் ஒரு நாள். தேசம்மா என் தோளில் அறைந்தாள். அப்புறம்தான் ஏழுமலைக்கு ஞாபகம் வந்தது. பானையில் போட்டதை முறை முடியும் வரை தலைவர்தான் வைத்திருப்பார். அது வழக்கம்.

"மாமா, அத மட்டும் குடுத்துடு. சிப்பியக் கொண்டாறேன்."

"எத வெச்சு மொற வுழுந்துச்சோ அதான்டா அடையாளம்."

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். இறால் குழம்பு. விடியும் முன்பே முதல் படகில் கிளம்பி, மறுநாள் காலை ஏழுமலையும் நானும் ஆலை வாசலில் நின்றோம்.

"டோக்கன்?" என்றார் வாட்ச்மேன்.

"ஏரியில கீது" என்றான் ஏழுமலை.

"கிண்டலா? நீ யாரும்மா? உன் டோக்கன்?"

"எனக்கு இன்னும் குடுக்கல."

"ரெண்டு பேருக்கும் டோக்கன் இல்ல. அப்ப இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

தேர்வில் நான்கு பக்கம் எழுதிய எனக்கு அங்கே இரண்டு வரிதான் வந்தது. ஆனாலும் சொன்னேன்: "இவரை எனக்குத் தெரியும். இங்க வேலை செய்யறவர்தான்."

"உன்ன யாருக்கும்மா தெரியும்?"

"எனுக்குத் தெரியும்" என்றான் ஏழுமலை.

வாட்ச்மேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேஸ்திரியை அழைத்து வந்தார். மேஸ்திரி விஷயத்தைக் கேட்டார். "நிரந்தரத்துக்கு இந்த தபா உன் பேர் இல்ல. போ உள்ள" என்றார். ஏழுமலை "சரி மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு நடந்தான். உலைப் பக்கம் திரும்பும் முன் ஒரு தரம் நின்று கிழக்கே பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ஏரித் தண்ணீர் உப்பு. மாலையில் படகு எப்போது திரும்பும் என்று முன்பே கேட்டுவிடுங்கள், இல்லையேல் என்னைப் போலத் தங்க நேரும். அமாவாசையை ஒட்டிப் போனால், எந்த ஊர்க் கணக்கு என்று விசாரியுங்கள்.

எது சரி என்று கேட்ட அப்பாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பங்குனியில் ஏழுமலை ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் காலை வாசலில் டோக்கனை நீட்டினான். வாட்ச்மேன் வாங்கி, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா, மீன் நாத்தம்?"

"நல்ல பாடு" என்றான் ஏழுமலை.