அப்பாவின் போனில் தம்பியின் மூச்சு

தம்பியைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றே எங்கள் வீட்டில் புது எஞ்சின் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது. இதை நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். சொன்ன கையோடு அம்மாவிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டார்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. திருகோணமலை உட்துறைமுகக் கரையோரம் படகு எஞ்சின் திருத்தும் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருந்தார். கிண்ணியாவிலும் சம்பூரிலும் மீன்பிடிக்கிறவர்கள், பாரமான எஞ்சினைச் சுமந்துகொண்டு வருவதற்கு முன்னால் அதன் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பிவிடுவார்கள். அப்பா போனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடி, கோளாறு பிளக்கிலா காபரேட்டரிலா என்று தீர்ப்புச் சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த இடத்திலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சொல்லை நான் வீட்டுக்குள் அடிக்கடி கேட்டேன், பொருள் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய கண்கள் மேல்நோக்கிச் சரிந்து வடிவாக இருந்தன, தூக்கினால் உடம்பு துவண்டு கைக்குள் நிற்காது, மூச்சை இழுக்கும்போது 'கீர்... கீர்...' என்று சத்தம் வரும் என்பதுதான். பால் குடித்தால் கூடும், அழுதால் இன்னும் கூடும், மல்லாக்கக் கிடத்தினால் வாசலில் செருப்புக் கழற்றுகிற ஆளுக்கே கேட்கும்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இப்பிடிப் பிள்ளையளுக்கு அப்பிடித்தான்" என்று யாராவது சொல்வார்கள். அம்மா தேத்தண்ணி கொடுப்பார். அவர்கள் படலை தாண்டியதும், உதவிக்கென்று சாம்பல்தீவிலிருந்து வந்து நின்ற மாமியிடம், அப்பாவின் அக்காவிடம், மெல்லச் சொல்வார்: "மச்சாள், இவன்ர மூச்சு ஒருநாள் இப்பிடியே நிண்டிடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

மாமிக்குப் பயமெல்லாம் கிடையாது. அது நெஞ்சுச் சளி என்று வந்த அன்றே முடிவு கட்டிவிட்டார். தம்பியைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி போட்டு, அவனைப் புகைக்கு மேல் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவார். எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறதுதான். ஆனால் புகை கூடக் கூடத் தம்பியின் சத்தமும் கூடியது. சத்தம் கூடக் கூட மாமி புகையைக் கூட்டினார். அப்பா இன்னொரு பக்கத்தால் வந்து, காற்றுப் போகிற வழியில் அடைப்பு என்று அடித்துச் சொல்லி, மூக்குக்கு விடும் மருந்து வாங்கி வந்தார். மாமியும் அப்பாவும் குழந்தையை நடுவில் வைத்துச் சளியா அடைப்பா என்று சண்டை பிடித்தார்கள். அம்மா ஒருநாள் தணல் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"உங்கட ரெண்டு பேற்ற வைத்தியமும் எனக்குப் போதும். வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டக் காட்டுவம்."

வெளிக்கிட்டோம். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். ஓட்டோவில் முழு வழியும் 'கீர் கீர்' என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வந்த தம்பி, டொக்டரின் அறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். சத்தமா? மூச்! அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டொக்டர் கிண்ணியாப் பக்கத்துப் பெண், இளம் வயது. தம்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வீட்டில எப்பிடிச் சத்தம் வாறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அப்பா பிறந்திருந்தார் என்று நினைக்கிறேன். மார்பை நிமிர்த்தினார், போனை எடுத்தார். "நான் பதிஞ்சு வச்சிருக்கிறன், டொக்டர்." சத்தத்தை முழுதாகக் கூட்டி, அழுத்தினார்.

'டுக் டுக் டுக் டுர்ர்ர்ர்' என்று அறையே அதிர்ந்தது. அதன் பின்னால் யாரோ ஒருவர், "நாசமாப் போன எஞ்சின், நடுக்கடலில விட்டிட்டுதடா!" என்று கத்தினார். டொக்டர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா பதறிப்போய் அடுத்ததை அழுத்த, அது வேறொரு எஞ்சின். பெயரில்லாமல் அத்தனை சத்தம் அந்தப் போனில் கிடந்தது. தேடித் தேடிக் கடைசியில் தம்பி வந்தான்.

டொக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. போனை வாங்கிக் காதருகே வைத்தார். திரும்பவும் கேட்டார். இழுக்கும்போதா, விடும்போதா? பால் குடிக்கும்போது களைக்கிறானா? நீலம் பாய்கிறதா? தம்பியின் சட்டையைக் கழற்றி நெஞ்சு உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். நிறை குறையவில்லை என்றதும் அம்மா தோளைத் தளர்த்தியதை நான் கண்டேன்.

"இளகின ரப்பர் குழாயை உறிஞ்சினா என்னாகும்?" என்று டொக்டர் அப்பாவைத்தான் கேட்டார்.

"உள்ளுக்கு ஒட்டும். பெற்றோல் ஹோஸ் பழசானா அப்பிடித்தான்."

"இது பழசில்ல, புதுசு. குரல்வளைக்கு மேல இருக்கிற பகுதி இன்னும் இறுகேல்ல. மூச்சை இழுக்கேக்க உள்ளுக்குச் சரியுது, அதுதான் சத்தம். அடைப்பும் இல்ல, சளியும் இல்ல."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இவன் இப்பிடிப் பிறந்ததாலயா, டொக்டர்?"

"ஓம், இந்தப் பிள்ளையளுக்குத் தசை இளக்கம். அதால இது கூடுதலா வரும். அதுக்காக அப்பிடித்தான் எண்டு விட்டிட ஏலாது, பார்க்கத்தான் வேணும். கூட்டி வந்தது நல்லம். கனபேருக்கு வளர வளர இறுகிடும்."

இதயத்தையும் பார்க்கச் சொல்லி எழுதினார், தொண்டை டொக்டரிடமும் அனுப்பினார். அவர் மூக்கு வழியாக மெல்லிய கமரா விட்டுப் பார்த்து அதையேதான் சொன்னார். உதடு நீலமானால், நெஞ்சு ஆழமாகக் குழிந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், பால் குடிக்க முடியாமல் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும். வீட்டில் புகையே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

புகை விஷயத்தில் மாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தார். பிறகு ஒரேயடியாகக் கட்சி மாறினார். நுளம்புத் திரி கொளுத்தக் கூடாது, விருந்தாளி சிகரெட்டோடு படலைக்குள் வரக் கூடாது. பக்கத்து வளவில் சருகு எரித்தவரை வேலிக்கு மேலால் அவர் பேசிய பேச்சில், அந்த மனிதர் தண்ணீர் வாளியோடு ஓடினார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அம்மா குசினிக்குள் நிற்கும்போது தம்பிக்குப் பக்கத்தில் இருந்து உதட்டையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். ஆனால் என் மனதில் நின்றது அப்பா கராஜில் சொல்லும் கதைதான்: சத்தம் போடுகிற எஞ்சினுக்குப் பயப்படத் தேவையில்லை, கடலில் சத்தம் நின்றால்தான் பயம். அதனால் நான் தம்பியின் சத்தத்தைக் காவல் காத்தேன்.

மாதங்கள் போயின. தம்பி கொழுத்தான், கவிழ்ந்தான், என் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். சத்தம் மெல்ல மெல்ல இறங்கி வந்ததைப் பக்கத்திலேயே இருந்த நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை, பாயில் மல்லாக்கக் கிடந்து நித்திரை கொண்டான். கீர் இல்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றுமே இல்லை.

"அம்மா! தம்பி நிண்டிட்டான்!"

அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். பின்னால் மாமி. அம்மா விழுந்தடித்துத் தம்பியின் மூக்கருகே கன்னத்தை வைத்தார், உதட்டைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார். உதடு ரோசாவாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அம்மா அப்படியே குனிந்தபடி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடுறான்" என்றார். பிறகு, "சும்மா மூச்சு விடுறான், மச்சாள்" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

ஏச்சு விழும் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். ஏச்சு வரவில்லை. அம்மா அகப்பையை மாமியிடம் கொடுத்துவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் சரிந்தார். அவ்வளவுதான், நித்திரையாகிவிட்டார். அடுப்பில் கறி கொதித்தது, வாசலில் மீன்காரர் கூப்பிட்டார், அம்மா அசையவில்லை. சத்தமே இல்லாமல் கிடந்த தம்பிக்குப் பக்கத்தில் அம்மா பெரிதாகக் குறட்டை விட்டார். மத்தியானம் வந்த அப்பா சாப்பாடு கேட்கவில்லை. மெல்லப் போனை எடுத்து அந்தக் குறட்டையைப் பதிந்தார். அந்தப் பதிவும் தம்பியின் கீர் சத்தமும் இன்னும் இருக்கின்றன. இப்போது பள்ளிக்கூடம் போகிற தம்பி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

அன்று நான் மாமியின் பின்னால் போய், "அம்மாவுக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"வருத்தமில்லையடி, நித்திரை" என்றார் மாமி.

பட்டப்பகலில், கறியை அடுப்பில் விட்டுவிட்டு, ஒரு மனுசி இப்படியா நித்திரை கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. தம்பி வந்த நாளிலிருந்து அம்மா ஒரு இரவும் கண்ணை மூடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த இரவுகளிலெல்லாம் அவருக்குப் பக்கத்திலேயே படுத்து நன்றாக நித்திரை கொண்ட எனக்கு அது எப்படித் தெரியும்?