உள்ளே துணி விடாத சட்டை

பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். டெய்லரம்மா கடைக்காரர் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பாள். யாராவது எதிரே வந்து "நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டால் போதும், இவர் எதற்கு இப்போது விசாரிக்கிறார் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொள்வாள். இப்படிப்பட்டவள் ஒரே இடத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள் என்றால் அது மிஷினோடு மட்டும் பேசுகிற வேலை என்பதால்தான்.

விண்வெளிக் கதை ஒன்று தொலைக்காட்சித் தொடராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் உடைப் பிரிவில் அவள் தையல்காரி. அந்தக் கதையில் விண்கப்பலை ஓட்டுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். கேட்பதற்குப் பெரிய பதவி மாதிரி இருக்கும். பதினாறு வருஷத்தில் அவர் பேசியது "சரி கேப்டன்", "ஆகட்டும் கேப்டன்", இவ்வளவுதான். படப்பிடிப்பில் எல்லோரும் அவரை மாலுமி என்றே கூப்பிட்டார்கள்.

தொடர் முடிந்தது. முடிந்த கையோடு, அதிலிருந்து கிளை பிரித்துப் புதுத் தொடர் வருகிறது என்று கம்பெனி அறிவித்தது. அதே கப்பல், புதுக் கதை, பழைய முகங்கள் எல்லோரும் உண்டு என்றார்கள். மாலுமிக்கும் ஒப்பந்தக் கடிதம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் வேறு எங்கும் நடிக்கக் கூடாது. அந்தச் சமயம் பார்த்து ஒரு குடும்பத் தொடரிலிருந்து அப்பா வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு நிச்சயமான வேலை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இருமினால் போதும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எதை எடுக்கப்போகிறீர்கள் என்று அவள் தினமும் கேட்டாள். அவர் "பாக்கலாம்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு அழைப்பு வருமா என்ற பயம் அவளுக்குத்தான் இருந்தது, அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

"பழைய ஆளுங்க இல்லாம யாரும்மா பாப்பாங்க?" என்றார் ஒரு நாள், சட்னியைத் தொட்டபடி.

"வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர்றதுக்குப் பழைய ஆளு. உள்ள உக்கார வைக்கிறதெல்லாம் புது ஆளுங்களைத்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால இவங்களே ஒரு கிளை எடுத்தாங்களே, அதுல நம்ம கப்பல் டாக்டரம்மாவா நடிச்சவங்களுக்கு என்ன ஆச்சு? ரெண்டே ரெண்டு வாரம். அப்புறம் வேற கிரகத்துக்கு மாத்தல்னு அனுப்பிட்டாங்க. இன்னும் திரும்பி வரல."

"நீ யாரைத்தான் நம்பியிருக்க" என்று அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை புதுத் தொடருக்கான தையல் பட்டியல் வந்தது. தருவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இதில் இருப்பதை வெளியே, வீட்டில்கூட, சொல்லக் கூடாதாம். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

நீண்ட நாள் வரப்போகிற நடிகருக்குச் சட்டை தைக்கும்போது தையலுக்குள்ளே இரண்டு அங்குலம் துணி விடுவார்கள். நடிகர்கள் குண்டாவார்கள், பிரித்து விட்டுக்கொள்ளலாம். பட்டியலில் புதியவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் உள்ளே துணி விடச் சொல்லியிருந்தது. அதில் ஒருத்தி பத்தொன்பது வயசு, ஒல்லிக்குச்சி. அவளுக்கு மூன்று அங்குலம். பழையவர்கள் நான்கு பேர். அவர்களுக்கு நேரே, துணி விட வேண்டாம் என்று இருந்தது. மாலுமியின் பெயருக்கு எதிரே இன்னொரு குறிப்பும் இருந்தது: ஒரே மாதிரி மூன்று சட்டை. ஒரே மாதிரி மூன்று தைத்தால் ஒன்று உடுத்த, ஒன்று ரத்தச் சாயத்துக்கு, ஒன்று கிழிக்க. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அவள் கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் மாஸ்டர் மூணு?"

"எழுதியிருக்கிறதைத் தைம்மா" என்றார் மாஸ்டர், கத்தரிக்கோலைப் பார்த்து. பதினாறு வருஷமாக முகத்தைப் பார்த்துப் பேசியவர். அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், அளவு கொடுக்க வந்து சிரித்துவிட்டுப் போன அந்த ஒல்லிக்குச்சிக்கும் தெரிந்திருக்கும். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு அப்பாவி மனுஷனின் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது.

ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட உட்கார்ந்ததும் போட்டு உடைத்தாள். பட்டியல், துணி, மூன்று சட்டை, எல்லாம். "உங்களை முதல் வாரமே முடிச்சிடப் போறாங்க. இப்பவே அந்தக் குடும்பத் தொடர்க்காரங்களுக்குப் போன் போடுங்க. என் வேலை போனாலும் பரவாயில்ல."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முதல் வாரமே சாகுறேன். கடிதம் கொடுத்த அன்னிக்கே டைரக்டர் உக்காரவச்சுச் சொல்லிட்டார். அந்தக் குடும்பத் தொடரை அவங்க கூப்பிட்ட அன்னிக்கே வேண்டாம்னுட்டேன்."

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே போட்டாள்.

"கப்பல் ஓட்டுறவன் சீட்டு எந்தப் பக்கம் பாத்து இருக்கு? முன்னால நட்சத்திரம், பின்னால கேமரா. பதினாறு வருஷமா ஜனங்க பாத்தது என் முதுகை. இதுல அந்தப் புதுப் பொண்ணு ஓடிவந்து என்னைத் திருப்பி மடியில போட்டுக்குறா. முகத்துக்கிட்ட கேமரா வருது. நாலு வரி பேசுறேன். இருமிக்கிட்டு மூணு வருஷம் உக்காந்தாலும் இது கிடைக்காதும்மா."

அவர் சாகப்போவதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. பால் கடைக்காரர் முதல் டைரக்டர் வரை சந்தேகப்பட்டவள், கடிதம் வந்ததிலிருந்து பன்னிரண்டு நாளாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள். அதுதான் சுட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேனே."

"நானும்தான் போட்டேன். சொல்லல?"

அவர் தட்டில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கே, அந்த நாலு வரியைச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் அவள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தார். வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்கியபடி முதல் வரியைத் தொடங்கினார்.

"நிறுத்துங்க. கையை மாத்துங்க. குத்து வலது பக்கம் இல்ல, இடது பக்கம். மூணாவது சட்டைக்கு அங்கதான் தையலை லேசாப் போடச் சொல்லியிருக்கு. கிழிசல் ஒரு பக்கம் இருக்க, தப்பான பக்கம் பிடிச்சுக்கிட்டுச் செத்தீங்கன்னா, இந்தத் தடவையும் முதுகைக் காட்டித்தான் எடுப்பாங்க."

அவர் கையை இடது பக்கம் மாற்றிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.