வாண்டா தேர்ந்தெடுத்த துப்பாக்கி

நோர்லீன் ப்ராக் துப்பாக்கிக்குப் புதியவள் இல்லை. ஓக்லஹோமாவின் மேற்கு ஓரத்தில், எங்கள் டஸ்கெட் ஊரில் வளர்ந்த யாரும் அப்படி இருக்க முடியாது. அவளுடைய பிக்கப் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் நீளத் துப்பாக்கி ஒன்று எப்போதும் கிடக்கும். ஆனால் சட்டைக்குள் மறைத்து, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று அவள் எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வந்தது ஐம்பத்தெட்டு வயதில்தான்.

அவள் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி வருகிறவள். புருஷன் பார்த்த வேலை; மாரடைப்பில் அவன் போன பிறகு இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். விடிந்ததும் கிளம்பி, மண்ரோட்டில் கிணறு கிணறாகப் போய், பம்ப் ஓடுகிறதா, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்கத் தனிதான். தனிமை அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மூட்டுகள் மட்டும் வீங்கி, குளிர்காலத்தில் சட்டைப் பொத்தான் போடுவதற்கே படாத பாடு படுவாள்.

அந்த வருஷம் கிணறுகளில் செம்புக் கம்பி திருட்டு ஆரம்பித்தது. மோட்டாருக்குப் போகும் கம்பியை வெட்டி, உரித்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவார்கள். ஒருநாள் விடியலில் நோர்லீன் ஒரு கிணற்றை நோக்கித் திரும்பும்போது, எதிரே விளக்குப் போடாமல் ஒரு வண்டி பாய்ந்து வந்து அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. புழுதியில் ஆளும் தெரியவில்லை, வண்டி எண்ணும் தெரியவில்லை. தொட்டி ஏணியில் ஏறும்போது நீளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அதனால்தான் சின்னது.

கூட வந்தவள் வாண்டா கிரீவ்ஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருவரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். வாண்டா வீட்டிலேயே முடி வெட்டுகிறவள். ஊரின் பாதிப் பெண்கள் தலை அவள் கையில். நோர்லீனின் புருஷன் செத்தபோது வாண்டா தன் தலையணையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனவள், மாதக்கணக்கில் இருந்துவிட்டு, பனி விழத் தொடங்கிய பிறகுதான் திரும்பினாள். எனக்கு அப்படி ஒரு சிநேகிதி இல்லையே என்று நான் பொறாமைப்பட்டதுண்டு.

என் புருஷன் ஹாய்ட் கண்ணாடி மேசைமேல் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தான். சின்னதாக இருந்தால் சுமப்பது சுலபம், சுடுவது கஷ்டம். பெரியது என்றால் நேர்மாறு. இரண்டுக்கும் நடுவில் உன் கைக்கு எது ஒத்துவருகிறதோ அதுதான் உன்னுடையது என்றான். அவன் மனதில் இருந்தது குட்டைக் குழல் ரிவால்வர். இழுக்க, பூட்ட ஒன்றும் கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். நோர்லீன் இரண்டு விரலால் விசையை அழுத்திப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

வாண்டா அதை வாங்கி நோர்லீனின் இடுப்பில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, இடுப்புல ஏதோ கட்டி முளைச்ச மாதிரி இருக்கு? சர்ச்சுல பாக்குறவங்கல்லாம் டாக்டர்கிட்ட போனியான்னு கேப்பாங்க."

நோர்லீனும் சிரித்துவிட்டாள். வாண்டா கை நீட்டியது மூன்றாவதுக்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தட்டையான பிஸ்டல். அதில் மேலே இருக்கும் இரும்புக் கூட்டைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். துப்பாக்கி சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் சுருள்வில் விறைப்பாக இருக்கும். நோர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்தாள். அடுத்தமுறை பாதியில் விரல் வழுக்கியது.

"இது உனக்கு வேணாம் நோர்லீன்," என்றான் ஹாய்ட். "ஆத்திர அவசரத்துல கை வராது."

பழகினால் வந்துவிடும், நானே கூட இருந்து பழக்குகிறேன் என்று வாண்டா சொன்னாள். தோட்டாவைக் குழலில் ஏற்றிய நிலையில் சுமக்கவே கூடாது, ஏணியில் ஏறி இறங்குகிறவள் தன் பிட்டத்தையே சுட்டுக்கொள்வாள் என்றும் சொன்னாள். ஹாய்ட் மறுத்துப் பேசினான். ஆனால் நோர்லீன் ஐம்பது வருஷமாக வாண்டா சொன்னதைக் கேட்டவள். அதையே வாங்கிக்கொண்டாள். மென்தோல் உறை ஒன்றை வாண்டா தன் பரிசாக வாங்கிக் கொடுத்தாள்.

வாண்டா வீட்டுக் கொல்லையில் பழகினார்கள். துப்பாக்கி சின்னதென்பதால் உதைப்பு முழுக்கக் கையில்தான் இறங்கும். நோர்லீனின் கட்டைவிரல் அடி கறுத்துவிட்டது. பாதி நேரம் இழுத்துக் கொடுத்தது வாண்டாதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகு, போதும்டி, கையைக் கெடுத்துக்காதே என்று அவளே நிறுத்தியும் விட்டாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம். மேட்டுக் கிணற்றில் நோர்லீன் தொட்டி மேலேறி அளந்துவிட்டு இறங்கினாள். பம்ப் நின்றிருந்தது. கம்பியை எலி கடித்திருக்கும் என்று நினைத்து நடந்து போனாள். மின்பெட்டிக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தான். மூக்குவரை துணி, கையில் நீளமான வெட்டுக் கத்தரி. அவளைப் பார்த்ததும் எழுந்து நேராக அவளை நோக்கி வந்தான். அவளுடைய வண்டி தூரத்தில் நின்றது.

சட்டையைத் தூக்கிப் பிஸ்டலை உருவினாள். இழுத்தாள். வரவில்லை. தொடையில் முட்டுக் கொடுத்து மறுபடி இழுத்தாள். விரல் வழுக்கித் தோல் கிழிந்தது. அவன் ஓடவில்லை, பதறவும் இல்லை. ஒரு கை தூரத்தில் வந்து நின்றான்.

"விடுங்க அத்தை. அது உங்களால இழுக்க வராதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. கைதான் வலிக்கும்."

வாண்டாவின் மகன் கெல்வின். இருபத்தாறு வயது. பிறந்த அன்று மூன்றாவதாக அவனைக் கையில் வாங்கியவள் நோர்லீன்.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிஸ்டலை எடுத்து, நடந்து போய் அவளுடைய வண்டியின் மூக்கின்மேல் வைத்தான். வண்டியிலிருந்த சாவியைப் பிடுங்கிப் புல்லில் வீசிவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனான். அவளை அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் முழங்காலில் தவழ்ந்து சாவியைத் தேடியெடுத்து, நேராக வாண்டா வீட்டுக்கு ஓட்டினாள்.

அங்கே நான் இருந்தேன். தலையில் முடி சுருட்டும் கட்டைகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நோர்லீன் உள்ளே வந்து சீப்புகள் கிடந்த மேசையில் பிஸ்டலை வைத்தாள். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. வாண்டா பிஸ்டலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அவன் நல்லாருக்கானா?"

நோர்லீனுக்கு நின்ற இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"உன்னைப் பள்ளத்துல தள்ளின அன்னைக்கு. அழுதுகிட்டே வந்து சொன்னான்." வாண்டா துண்டை மடிக்கத் தொடங்கினாள். "அவன் உன்னைத் தொட மாட்டான்னு எனக்குத் தெரியும். நீ சுட்டேன்னா குறி தப்பாதுன்னும் தெரியும். நான் வேற என்ன செய்ய?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஷெரிஃப்கிட்ட போயிருப்ப."

"சொல்லியிருந்தா," என்றாள் நோர்லீன், "ஒவ்வொரு கிணத்துக்கும் ஹாரன் அடிச்சுகிட்டே போயிருப்பேன்டி. அவன் ஓடிப்போகட்டும்னு." ரத்த விரலால் பிஸ்டலைக் காட்டினாள். "அங்க வேற எவனாவது வந்திருந்தா? அப்பவும் இதைத்தானே நான் இழுத்துகிட்டு நின்னிருப்பேன்? அதை நினைச்சியா நீ?"

வாண்டா அடுத்த துண்டை எடுத்து மடித்தாள். அதை அவள் நினைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நினைத்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள்.

நோர்லீன் அங்கிருந்து ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். கெல்வினுக்கு இரண்டு வருஷம் கொடுத்தார்கள். தண்டனைக்கு முன் அவள் நீதிபதி முன்னால் எழுந்து, அவன் தன்னை அடிக்கவில்லை என்பதையும் சொன்னாள். அதனால்தான் இரண்டோடு போயிற்று. வாண்டா பின்வரிசையில் இருந்தாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுவாரம் கடைக்கு வந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டாள். ஹாய்ட் எடுத்துக் கொடுத்தான். கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் ஒன்று சொன்னாள்: இது அன்றைக்கு இருந்திருந்தால் முகத்தில் துணி கட்டி வந்தவனைச் சுட்டிருப்பேன், பிறகு துணியை விலக்கிப் பார்த்திருப்பேன், அப்படி நடக்காமல் போனதற்கு வாண்டாவுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், வாய் வரவில்லை.

கெல்வின் இப்போது வெளியே வந்து பக்கத்து ஊரில் டயர் கடையில் வேலை செய்கிறான். போன வசந்தத்தில் நோர்லீனின் வண்டிக்கு டயர் மாற்றியது அவன்தான். தலையைக் குனிந்துகொண்டே வேலையை முடித்தானாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாண்டாவை மட்டும் கடைத்தெருவில் கண்டால் அடுத்த பக்கம் போய்விடுகிறாள். பையனையே மன்னித்துவிட்டாய், அவளை ஏன் விட மாட்டேன் என்கிறாய் என்று நான் கேட்டேன்.

"அவன் திருட வந்தான், நான் குறுக்க போனேன், அவ்வளவுதான்," என்றாள். "அவ என் கையைப் பிடிச்சு, எந்த விரலுக்கு வலு இல்லைன்னு தடவிப் பாத்து எடுத்துக் கொடுத்தா."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கிணறுகள் இன்னும் பாக்கி இருந்தன.