அத்தைக்கு ஒரு மொபெட்

சித்தப்பா அந்த மொபெட்டை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அதை முதலில் பரிசோதித்தது எங்கள் பசுதான். சீட்டை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் நைனாவின் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான்.

"இன்னாடா இது?"

"மொபெட்டு."

"அது தெரியுது. ஓடுமா?"

"ஓட வைக்கணும்" என்றார் சித்தப்பா.

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் மொபெட் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த வண்டி, சித்தப்பா இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்த ரைஸ் மில்லின் பின்புறத்தில் வெகுகாலம் கோழிகளுக்கு வீடாக இருந்தது. டேங்க் முழுக்கத் துரு. சீட்டில் பாதியை எலி தின்றிருந்தது. மில்காரரிடம் கேட்டு அதைக் கொண்டுவந்தவர் தனக்காகக் கொண்டுவரவில்லை. என் அத்தைக்காக.

அத்தை நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. குழந்தையில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள். முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். அவளுக்கு மேல்மலையனூர் ரோட்டில் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அந்த ரூட் பஸ்ஸில் சாதாரண நாளிலேயே படியில் தொங்குவார்கள். அமாவாசை என்றால் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் இரண்டு கால் உள்ளவர்களுக்கே இடம் கிடைக்காது. அதனால் வேலையே வேண்டாம் என்று நைனா முடிவு கட்டிவிட்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் அவ இன்னாத்துக்கு வேலைக்குப் போணும்?" என்று அம்மாவிடம் சொன்னார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புடைத்த வேகத்தில் உமியோடு அரிசியும் பறந்தது.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் கோணி விரித்து சித்தப்பா வண்டியைப் பிரித்தார். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு அத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு டேங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. நான் கூலியில்லாமல் தேய்க்கவில்லை. பின்சீட்டில் முதலில் ஏறப்போவது நான்தான் என்று எனக்கு நானே முடிவு செய்து, வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய நீலப் பெயிண்ட் மிச்சமிருந்தது. அதை டேங்குக்கு அடித்தோம். பசு மறுபடி வந்து முகர்ந்து பார்த்தது.

ஒற்றைக் காலை ஊன்றி வண்டியைச் சாயாமல் நிறுத்த அத்தையால் முடியாது. அதனால் வாடகை சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட குட்டி சைக்கிளின் இரண்டு சக்கரங்களை வாங்கிவந்து, வெல்டிங் வைத்து, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டினார் சித்தப்பா. தெருவே கூடி நிற்க, அவரே ஏறி ஓட்டிப் பார்த்தார். நாலு வீடு தாண்டியதும் ஒரு பள்ளம். பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறிக்கொள்ள, நடுவிலிருந்த பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுற்றியது. வண்டி உறுமியது, நகரவில்லை.

"தேரு நிலைக்கு வந்துடுச்சு" என்றார் நைனா. தெரு சிரித்தது.

சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ பழைய ஸ்கூட்டரின் ஸ்பிரிங்குகளைத் தேடிக் கொண்டுவந்து, பக்கச் சக்கரங்கள் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்குகிற மாதிரி செய்தார். அது சரியானது. ஆனால் கடைசியில் ஒரு சிக்கல் வந்து நின்றது. அந்த வண்டியை பெடல் மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வலது காலால் அத்தை ஒரு மிதி மிதிப்பாள். பெடல் கீழே போய் அங்கேயே நின்றுவிடும். அதை மேலே கொண்டுவர இடது காலில் பலம் இல்லை. சித்தப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அத்தைதான் பேசினாள். "சின்னண்ணா, தண்ணி எறைக்கிற ஏத்தத்துல அந்தாண்ட முனையில கல்லு கட்டுறாங்க இல்ல? இந்த எடது பக்கம் பெடலைக் கழட்டிட்டு ஒரு இரும்புக் கட்டி வச்சா, அது கீழ போவும்போது நான் மிதிச்சது தானா மேல வந்துடாதா?"

சித்தப்பா பாதி பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எழுந்தார்.

இரும்புக் கட்டியை மாட்டியதும் பெடல் தானாக மேலே வந்தது. இரண்டாவது மிதியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தை பயந்துபோய்க் கைகளை எடுத்துவிட்டாள். அப்புறம் சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் நெல் காயப்போடும் களத்தில் பழக்கினார்கள். நைனா வரமாட்டேன் என்றவர், முதல் ஆளாக வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை கிளம்பியதும் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"அண்ணா, விடு."

"நீ ஓட்டு. நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

"விடுண்ணா!"

அவர் விடவில்லை. மூச்சிரைக்க இரண்டு சுற்று ஓடினார். மூன்றாவது சுற்றில் அத்தை ஆக்சிலேட்டரைத் திருகினாள். நைனாவின் கை தானாக விட்டுப்போயிற்று. களத்தின் நடுவில், நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து அவர் நின்றுகொண்டிருந்தார். அன்று இரவு சாப்பிடும்போது, "ஹாரன் ஒண்ணு மாட்டுடா. சத்தமா இருக்கணும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அனுமதி என்பது அந்த மாதிரிதான் கிடைக்கும்.

வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள் அத்தை சித்தப்பாவைக் கூப்பிட்டு, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு தகரப் பெட்டி வைக்கச் சொன்னாள். பால்வாடிப் பிள்ளைகளுக்கான பலகை, பொம்மை எல்லாம் எடுத்துப் போகவேண்டுமாம். நான் கொட்டகையில் புரண்டு அழுதேன். வகுப்பில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

"உன்ன ஏத்திக்கினா, நாளைக்கு உங்க நைனாவும் துணைக்கு வரேன்னு ஏறிப்பாருடி" என்றாள் அத்தை. நைனா ஏறினால் ஏறட்டுமே, இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்துகொள்ள மாட்டோமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல் நாள் அவள் வரவேண்டிய நேரம் தாண்டியது. நைனா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். சித்தப்பா மில்லிலிருந்து ஸ்பானரோடு வந்துவிட்டார். வெயில் தணிந்து விளக்கு வைக்கிற நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. அத்தையின் தலைமுடி முழுக்கப் புழுதி.

"வண்டி நின்னுடுச்சா?" என்றார் சித்தப்பா.

"இல்லியே."

"பின்ன எங்க போன?"

"சும்மாதான். கோட்டைப் பக்கமா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

நைனா வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. வாசலில் நின்றாலே தெரிகிற கோட்டை மலை. அதில் புதிதாக என்ன இருக்கிறது? பெட்ரோலை வீணாக்கி, அதுவும் என்னை ஏற்றிக்கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறந்ததிலிருந்து ஒருவர் கையைப் பிடிக்காமல் தெருமுனையைத் தாண்டாத ஒருத்தி, அன்று ஒரு காரியமும் இல்லாமல், யாரிடமும் கேட்காமல், தனக்குத் தோன்றிய பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியவில்லை.