முட்டி வலியும் இருமலும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பாகூரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சே வராது. இந்த விஷயமோ வாயால் சொல்லக்கூடியதும் அல்ல. எழுதினால் யார் என்று தெரியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முந்திய சங்கதி. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கரியமாணிக்கத்தில் பெண் பார்த்து, பாக்கு மாற்றி, தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

அந்த ஐப்பசியில் சந்தைக்குப் போனேன். லேகியம் விற்கிறவன் ஒருவன், மனித உடம்பைப் படமாக எழுதிய துணியைத் தொங்கவிட்டு முழங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் விந்து வெளியேறுகிற வாலிபனுக்கு ரத்தம் தண்ணீராகிவிடுமாம். அவனுக்குப் பிள்ளை பிறக்காதாம். அவனைக் கட்டிக்கொள்கிற பெண்ணின் வாழ்க்கையே பாழாம். எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி ஆகும். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று முதல் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பதைவிட, எங்கள் பிரெஞ்சு எல்லையை விட்டு ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் ஓடிப்போய்விடலாம் என்று கூட நினைத்தேன்.

ஓடுவதற்கு முன் டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவர் பிரெஞ்சுக்காரர்களிடம் படித்த தமிழர், சின்ன வயதுக்காரர். வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரியிலிருந்து குதிரை வண்டியில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் கம்பவுண்டர் நோட்டோடு உட்கார்ந்து, "உனக்கு இன்னா?" என்று கேட்பார். நாம் மெதுவாகச் சொன்னதை, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு மூலம் என்பது அன்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

என் முறை வந்தது. "முட்டி வலி" என்றேன்.

டாக்டர் இடது முட்டியை அமுக்கிப் பார்த்து, களிம்பு தடவிக் கட்டுப் போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் மறுபடி போனேன். அன்றும் வாய் வரவில்லை. "இன்னும் வலிக்குதா? எங்க?" என்று கேட்டார். பதற்றத்தில் வலது முட்டியைக் காட்டிவிட்டேன். அவர் இடது கால் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலதிலும் ஒரு கட்டுப் போட்டார்.

அதற்குள் பெண்ணின் தாய்மாமன் எங்கள் பக்கம் வந்தார். எல்லோரும் சேற்றில் நடவு வேலையாக இருக்க, நான் இரண்டு கட்டோடு வரப்பில் நின்றேன்.

"இன்னா மாப்ள, இந்த வயசுல ரெண்டு காலும் போச்சா? எங்க பொண்ணு உன்ன இடுப்புல தூக்கிக்கினா திரியும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் விடுகிற மாதிரி இல்லை. "கெளம்பு. டாக்டர் வாயால கேட்டாத்தான் கல்யாணம்."

மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டர் மாமாவை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவ ஆரம்பித்தார்.

"எனக்குக் கை கழுவ ரொம்ப நேரம் ஆவும். திரும்பிப் பாக்க மாட்டேன். நான் கேக்கறதுக்கு ஆமான்னா ஒரு தடவ இருமு. இல்லன்னா சும்மா இரு. முட்டி ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

இருமினேன்.

"கல்யாணத்த நெனச்சா பயமா?"

இருமினேன்.

"வேற எங்கயாவது போய் வந்தியா? புண்ணு, எரிச்சல், சீழு, எதுனா உண்டா?"

சும்மா இருந்தேன்.

"தூக்கத்துல வேட்டி நனையுதா?"

இருமல் பலமாக வந்தது.

"சந்தையில லேகியக்காரன் பேச்சக் கேட்டியா?"

இரண்டு தடவை இருமினேன். டாக்டரின் முதுகு குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் திரும்பவில்லை.

"வயசுப் பசங்களுக்கு நடக்கறதுதான் அது. ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பொண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது. உனக்கு மருந்து கெடையாது, ஏன்னா வியாதியே கெடையாது. இன்னொண்ணு. கல்யாணம் ஆன அன்னிக்கே எல்லாம் ஆவணும்னு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணும் உன்னாட்டம் பயந்துகினுதான் இருக்கும். மொதல்ல ரெண்டு பேரும் பேசிப் பழகுங்க."

அவளும் பயப்படுவாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "டாக்டரய்யா, உங்களுக்கும் அப்படி ஆவுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் 'கொக்' என்று ஒரு தடவை இருமினார்.

கதவைத் திறந்தால் மாமா முகம் வெளிறி நிற்கிறார். "முட்டி கெடக்கட்டும் டாக்டரய்யா. உள்ள அந்த இருமு இருமனானே, நெஞ்சுல எதுனா கோளாறா?"

"இருந்துது. இருமியே தீந்துபோச்சு" என்றார் டாக்டர், சிரிக்காமல். "முட்டியும் சரியாயிடுச்சு. தையில தாராளமா கல்யாணத்த வையுங்க."

கம்பவுண்டர் நோட்டை எடுத்து, "முட்டி வலி, சொகம்!" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொல்லி எழுதினார். அந்தக் குரல் அன்றைக்கு மட்டும் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

தையில் கல்யாணம் நடந்தது. டாக்டர் சொன்னபடியே நாங்கள் பல நாள் வெறுமனே பேசிக்கொண்டிருந்தோம். லேகியக்காரன் சொன்னதற்கு மாறாக, இப்போது நாலு பிள்ளைகள். இன்றைக்கும் கல்யாணம் நிச்சயமான வாலிபன் யாராவது என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு முட்டி வலி என்று ஆரம்பித்தால், எந்த முட்டி என்று நான் கேட்பதில்லை. திரும்பிக்கொண்டு மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மாமாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், கரியமாணிக்கத்திலிருந்து ஒரு பொட்டலம் தூதுவளைப் பொடி வந்தது. இருமலுக்காம், பெண்ணே இடித்துச் சலித்துக் கொடுத்ததாம். தேனில் குழைத்து ஒரு வாரம் சாப்பிட்டேன்.