காவேரி முகம் காயக்கூடாது

மார்கழி பிறந்துவிட்டால் கைப்பேசியைத் திறக்கவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பெண் முகத்தில் ஈரத்தாளை ஒட்டிக்கொண்டு சிரிக்கிறாள். குளிர்காலத்தில் சருமத்தின் ஈரப்பதத்தைக் காப்பாற்ற வேண்டுமாம், அதற்கு வாராவாரம் மாஸ்க் போட வேண்டுமாம். சொல்வதில் தப்பில்லை. பனிக்காற்றுக்குத் தோல் காயத்தான் செய்யும், ஈரம் கொடுத்தால் அடங்கத்தான் செய்யும். நானே போட்டுக்கொள்கிறேன். இருந்தும் அந்த விளம்பரத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு விளம்பரத்தின் மேல் ஏன் இத்தனை கோபம் என்று என் கணவர் கேட்கிறார். கோபம் விளம்பரத்தின் மேல் இல்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்குத் திருச்சி கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு, காவேரி குடகில் பிறந்து கடலில் போய்ச் சேர்வதை நாட்டியமாக ஆடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். மற்ற பெண்கள் பவானி, அமராவதி என்று வந்து கை கோத்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடலாம். காவேரியாக வருகிறவள் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை மேடையை விட்டு இறங்கக்கூடாது. அவ்வளவு நீளத்துக்குத் தாளம் தப்பாமல் ஆட என்னால்தான் முடியும் என்று டான்ஸ் மிஸ்ஸே சொல்லி என்னைப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையில் ஆடினேன், பஸ் ஸ்டாப்பில் ஆடினேன், ரேஷன் கடை வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஆடினேன்.

கார்த்திகை கழிந்து பனி இறங்கியது. திருச்சிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலைக் காற்றில் உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும், கையில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். என் முகமும் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒருநாள் ஒத்திகையின் நடுவில் மிஸ் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முகமெல்லாம் இப்படிக் காஞ்சு கெடக்கே. காவேரி முகம் இப்படியா இருக்கும்? அம்மாகிட்ட சொல்லி ஏதாவது போட்டுட்டு வா."

சொல்லிவிட்டு, கொள்ளிடமாக வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, எதற்கும் இருக்கட்டும், என் ஆட்டத்தையும் பார்த்து வைத்துக்கொள் என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொள்ளிடத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கொம்பில் காவேரியிலிருந்து பிரிந்து ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கமாகப் போகிற ஆறு. வெள்ளம் மிஞ்சினால்தான் அதில் தண்ணீர் திறந்து விடுவார்கள். நாட்டியத்திலும் அதற்கு அவ்வளவுதான் மரியாதை. அந்தப் பெண் நல்ல சிவப்பு. நாலு அடி ஆடினால் ஐந்தாவது அடியில் தன் பாவாடையைத் தானே மிதிப்பாள். அவள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே கடலை மாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முகத்தில் அப்பினாள். எரிச்சலில் துள்ளினேன். மறுநாள் தோல் இன்னும் மோசமாக உரிந்தது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை என்னைச் சித்தியிடம் அழைத்துக்கொண்டு போனாள்.

சித்தி அம்மாவின் தங்கை. திருவானைக்காவலில் ஒரு மாடி அறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கை நல்ல கை, வாய்தான் பொல்லாத வாய். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வருகிற ரகம். அம்மா அவளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், "கொஞ்சம் எடுப்பா தெரியற மாதிரி ஏதாவது பண்ணி விடுடி" என்றாள். சித்தி நேராக என்னிடம் வந்தாள்.

"மிஸ் என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"முகம் காஞ்சு கெடக்குன்னாங்க."

"அவ்வளவுதானே? வேற ஒண்ணும் சொல்லலயே?"

"இல்ல சித்தி."

"சரி, காயாம பண்ணித் தரேன்" என்றாள். அதை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

சோற்றுக்கற்றாழையைக் கீறி, மஞ்சள் பால் வடிந்து போகக் கழுவி, உள்ளே இருக்கும் சதையை மசித்து, தேனும் தயிரும் கலந்து முகத்தில் பூசுவாள். அதன் மேல் வெள்ளரிச் சாற்றில் நனைத்த மெல்லிய மல் துணியைப் போடுவாள். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் அதில் ஓட்டை வெட்டியிருக்கும். துணி காய்ந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கண்டிப்பு. காய்ந்தால் தோலில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்பாள். உலர்வதற்குள் எடுத்து, பச்சைத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் அந்த ஈரத்தின் மேலேயே தேங்காயெண்ணெயை ஒற்றுவாள். சோப்பும் கூடாது, வெந்நீரும் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வாராவாரம் போனோம். துணிக்குள் முகம் குளுகுளுவென்று இருக்க, நான் நாற்காலிக் கையில் காவேரியின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டுவாள். அவள் கேட்டதைத்தான் சித்தி செய்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் வருவதற்குள் சாம்பல் சுத்தமாகப் போய்விட்டது. முகம் தேய்த்தெடுத்த புளியங்கொட்டை மாதிரி மினுமினுத்தது. வகுப்பில் எல்லோரையும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

காய்ந்த தோல் வெளுத்துத் தெரியும். ஈரம் ஏறினால் அதன் சொந்த நிறம் மேலே வரும். என் நிறம் அப்பாவின் நிறம், நல்ல கறுப்பு. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்தார்கள். அதனால் காய்ந்து கிடக்கிறது என்று யாராவது சொன்னால், காய்ந்து கிடக்கிறது என்றுதான் எனக்குப் புரியும். மிஸ் கேட்டது ஈரம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சித்திக்கும் தெரிந்திருந்தது.

உடையோடு நடந்த கடைசி ஒத்திகைக்குத் தலைமையாசிரியை வந்திருந்தார். நான் கிரீடத்தோடு போய் நின்றேன். மிஸ் மறுபடி என் தாடையைப் பிடித்தார். "என்னம்மா, முன்னைக்கு இப்ப இன்னும் டல்லாயிட்டே" என்றார். தலைமையாசிரியை பக்கம் திரும்பி, "லைட்ல எடுக்காது மேடம்" என்றார். அவர் தலையசைத்தார். அவ்வளவுதான் விசாரணை. கிரீடத்தை என் தலையிலிருந்து கழற்றி அந்தக் கொள்ளிடப் பெண்ணுக்கு வைத்தார்கள். அவளுக்கு அது பெரிதாக இருந்ததால் உள்ளே பஞ்சு அடைத்தார்கள். நான் கொள்ளிடமானேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. ஒரு குழந்தையின் முகத்தைப் பிடித்துத் திருப்பத் துணிந்தவருக்கு, மனதில் இருந்த ஒரு சொல்லை நேராகச் சொல்லத் துணிவில்லை. சொல்லியிருந்தால் அப்பா பள்ளிக்கு வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பார். டல் என்று சொன்னால் எந்த அப்பா போய் என்ன கேட்பது?

அம்மா அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு பார்லருக்குப் போனாள். என்னை மாடிப்படியில் உட்கார வைத்தாள். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"அவங்க எதைச் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் செஞ்சேன். வேணுங்கறத வாயத் தொறந்து கேக்கட்டும்."

"ஊரு வாயத் தொறந்து கேக்காதுடி. உன் ரோஷத்துக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?"

சித்தி குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் அந்தக் கேள்விக்கு எனக்கு இன்று வரை பதில் கிடைக்கவில்லை. மிஸ் மேல் வருகிற கோபத்தில் ஒரு பங்கு சித்தி மேலும் வரும். கடலை மாவை அப்பிய அம்மா மேலும் வரும். அன்று படியில் உட்கார்ந்திருந்தபோது மட்டும், சித்தி செய்த வைத்தியம் சரியாகப் பலிக்கவில்லை, அதற்குத்தான் அம்மா திட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒப்பனைக்காரர் எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்து ரோஸ் பவுடரை அப்பினார். என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. திரை விலகுவதற்கு முன்னால் மிஸ் என்னிடம் குனிந்து வெகு பிரியமாகப் பேசினார். "உன் முறை வர்ற வரைக்கும் நீ சைடுல நின்னு காவேரிய ஆடும்மா. அவ உன்னப் பாத்துப் பாத்து ஆடிடுவா." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மடக்கி அடுக்கிய நாற்காலிகளுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் இருந்த இடத்தில் குடகில் பிறந்தேன். நடுவில் மேடைக்கு ஓடிப்போய்க் கொள்ளிடமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து கடல் வரை ஆடினேன். அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு அடி தப்பவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சித்தியும் வந்திருந்தாள். அம்மாவோடு பேச்சு இல்லாததால் ஓரத்துக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் மேடையைவிட நான் நின்ற சந்துதான் நன்றாகத் தெரியும். முடிந்ததும் விடுவிடுவென்று வந்தாள். பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து என் முகத்தில் இருந்த பவுடரைத் துடைக்க ஆரம்பித்தாள். வலிக்கிறது என்று சொன்னேன், அவள் விடவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அம்மாவும் அதற்குள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டாள்.

பாவம், இத்தனை பாடுபட்டும் பலிக்கவில்லையே என்று அழுகிறாள் என்று தோன்றியது.

"அழாத சித்தி. அடுத்த வருஷம் மழ நின்னதுமே ஆரம்பிச்சிடலாம். அதுக்குள்ள நல்லா ஈரம் ஏறிடும்" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என் தலைக்கு மேலே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் யோசனை இருவருக்கும் பிடித்துப் போய்விட்டது, இனிச் சண்டை இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.