எஞ்சினுக்குக் காய்ச்சிய எண்ணெய்

கல்யாணமாகி வந்த புதிதில் என் புருஷனைவிட அவருடைய எஞ்சின்தான் எனக்கு முதலில் பழக்கமானது. விடிந்தும் விடியாமலும் கிணற்றடியில் அது டுப்பு டுப்பென்று ஆரம்பித்துவிடும். அவர் அதனோடுதான் அதிகம் பேசுவார். இன்றைக்கு ஏன் புகை கக்குகிறாய், யார் மேல் கோபம் என்று அதைக் கொஞ்சுவதை, கஞ்சிக் கலயத்தோடு போன நான் நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் "உப்பு பத்தலை" என்பதற்கு மேல் பேச்சு வராது. சக்களத்தி இரும்பாக வாய்த்தால் முடியைப் பிடித்துச் சண்டை போடவும் வழியில்லை.

எங்கள் தோட்டம் திருமங்கலத்துக்கு மேற்கே இருந்தது. மிளகாயும் வெங்காயமும் போடுவோம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அவர், நான், அவரைப் பெற்ற என் அத்தை. மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். கமலை இறைத்த மாடுகளை விற்றுத்தான் என் புருஷன் எஞ்சின் வாங்கியிருந்தார். மாடு போன துக்கத்தில் அத்தை இரண்டு வேளை சாப்பிடவில்லையாம். பிறகு எஞ்சினுக்கும் வெள்ளிக்கிழமை சூடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் யுத்தம் வந்தது. சண்டை எங்கேயோ நடந்தது, எஞ்சினுக்கு ஊற்றுகிற குரூடாயில் எங்கள் ஊரில் இல்லாமல் போயிற்று. பெர்மிட் இருந்தால்தான் கிடைக்கும், பெர்மிட்டோ பெரிய ஆலைக்காரர்களைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. அவர் மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடையாய் நடந்தார். எஞ்சின் நின்றது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது, மேலே மிளகாய்ச் செடி வாடியது. மறுபடி மாடு வாங்கலாம் என்றால் யுத்தத்தில் மாடும் யானை விலை.

மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் வேலை தெரிந்தவனைச் சிப்பாயாக நிறுத்தமாட்டார்கள், ஒர்க்ஷாப்பில் போடுவார்கள் என்று சொல்லி அவரும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடி அத்தையிடம் சொன்னார்: "எஞ்சின் ஓடுச்சுன்னா இங்கயே கெடக்கேன் ஆத்தா. ஓடலைன்னா கூப்பிடுறப்ப போறேன். வேற வழியில்ல."

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்ததை யாருக்கும் காட்ட இஷ்டமில்லை.

எஞ்சினுக்குக் குரூடாயில்தான் வேண்டுமா, விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் ஆகாதா என்று முதலில் கேட்டது நான்தான். வீம்புக்குக் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. "ஓடும் புள்ள. ஆனா அதுக்குச் செமிக்காது" என்றார். சொன்னபடியே நடந்தது. புங்கெண்ணெயை அப்படியே ஊற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, கக்குவான் இருமல்காரன் மாதிரி இருமி நின்றது. பிரித்துப் பார்த்தால் எண்ணெய் பீய்ச்சும் மூக்கெல்லாம் கரி. எண்ணெய் ரொம்பக் கெட்டி, அதை இளக்க வேண்டும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

மதுரையில் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் புத்தகத்தில் படித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். சாராயச் சத்தான ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் போட்டால் எண்ணெய் இளகுமாம், எங்கேயோ அதில் பஸ்ஸே ஓட்டிப் பார்த்தார்களாம். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் களம் எண்ணெய்க் களமாயிற்று.

என் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால், குரூடாயில் கிடைக்காத அந்தக் கோடையைத்தான் சொல்வேன். கண்மாய்க் கரைப் புங்கமரங்களுக்குக் கீழே நானும் அவரும் கொட்டை பொறுக்கினோம். சேர்ந்து உட்கார்ந்து உடைத்தோம். மூட்டை கட்டி, திருமங்கலத்துச் செக்கில் ஆட்டிக்கொண்டு வந்தோம். ஊர்ப் பெண்கள், "என்னத்தா, எஞ்சினுக்குப் பலகாரம் சுடப்போறியாக்கும்? எங்களுக்கும் ரெண்டு குடு" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர் இப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தார்! எண்ணெய் ஏன் கெட்டி, எஞ்சினுக்குள் அது எப்படிச் சிதறி எரிகிறது, எல்லாம் என்னிடம்தான். பாதி புரியாது. "ம்" கொட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செய்முறை எனக்கு இன்னமும் அத்துப்படி. எண்ணெயை முதலில் நன்றாகக் காய்ச்ச வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சடசடவென்று தெறிக்கும், அந்தச் சத்தம் முழுக்க அடங்க வேண்டும். பிறகு அடுப்பைத் துளிக் கங்கு இல்லாமல் அவித்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட வேண்டும். நெருப்பு இருக்கும்போது ஸ்பிரிட்டைக் கொண்டுபோனால் கொப்பரையோடு நாங்களும் மேலே போக வேண்டியதுதான். மேசை நாற்காலிக்கு மெருகு போடுகிறவர்கள் வாங்குகிற ஸ்பிரிட்டைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தார். அதில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து எண்ணெயில் ஊற்றி, கை ஓயக் கிண்ட வேண்டும். அப்புறம் அசைக்காமல் விட்டால் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று தங்கும். மேலே தேன் நிறத்தில் மெல்லிசாக நிற்கிறதே, அதுதான் எஞ்சினுக்கு. அதையும் நன்றாகத் தெளிய வைத்து, வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும்.

இதில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "ஸ்பிரிட்ட ஊத்துறதுக்கு முந்தி ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா அம்புட்டும் சோப்பாப் போயிரும்." கொப்பரையைக் கழுவிக்கூட வைக்க விடமாட்டார், துடைத்து வெயிலில் காயப்போடச் சொல்லுவார். அத்தை இதைக் கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு சின்னப் பானை அளவுக்கு முதலில் செய்து பார்த்தார். மிச்சமிருந்த துளி குரூடாயிலில் எஞ்சினைக் கிளப்பி, சூடான பிறகு நம் எண்ணெய்க்கு மாற்றிவிட்டார். ஒரு இருமல் இருமியது. பிறகு டுப்பு டுப்பென்று சீராகப் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் கொப்பளித்து வாய்க்காலில் விழுந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "ஓடுதுடி!" என்றார். அத்தை பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதுகூட அவருக்கு நினைவில்லை. எனக்கு வெட்கமும் சந்தோஷமுமாக, இனி இந்த மனுஷன் எங்கேயும் போகமாட்டார் என்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு, ஆட்டி வைத்திருந்த எண்ணெய் முழுவதையும் ஒரே ஈடாகக் காய்ச்சுவதென்று தீர்மானமாயிற்று. வாங்கிய ஸ்பிரிட்டு அதற்குத்தான் காணும், மறுபடி கிடைக்குமென்று நம்ப முடியாது. பெரிய இரும்புக் கொப்பரையை இரவல் வாங்கி வந்தோம். நன்றாக முடிந்தால் மிளகாய் பிழைத்துவிடும். பட்டாளத்தில் கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

காய்ச்சின அன்று அத்தை காலையிலேயே மதுரைக்குப் பஸ் ஏறிப்போனார். பெருமாள் கோயிலுக்கு வேண்டுதல் என்றார். நாங்கள் எண்ணெயைக் காய்ச்சி, சடசடப்பு அடங்கியதும் அடுப்பை அவித்து ஆறவிட்டிருந்தோம். அவர் ஸ்பிரிட்டைக் கலக்கக் கிணற்றடிக் கொட்டகைக்குப் போனார், நான் அவருக்குத் துணையாகப் போனேன். திரும்பி வந்தபோது அத்தை வந்துவிட்டிருந்தார். கொப்பரைக்குப் பக்கத்தில், நெற்றி வேர்க்க, முகம் மலர நின்றுகொண்டிருந்தார். "நல்லபடியாச் செய்யி அய்யா. நான் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன்" என்றார். கோயிலுக்குப் போய் வந்ததைச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஊற்றினோம், கிண்டினோம், மூடி வைத்தோம். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், கொப்பரை நிறையக் கூழ். மஞ்சளும் பழுப்புமாக, அகப்பை நிற்கிற பதத்தில். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நாங்கள் எஞ்சினுக்கு எண்ணெய் காய்ச்சப்போய் ஊருக்கே துணி வெளுக்கிற சோப்பு காய்ச்சியிருந்தோம். தண்ணீர் பட்டிருக்கிறது. எப்படி?

அவர் கூழைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஒரு கை அள்ளியவர் அப்படியே நிறுத்தினார். விரலில் கறுத்துச் சுருண்ட ஒரு இலை. துடைத்துவிட்டு முகர்ந்து பார்த்தார். என் பக்கம் உள்ளங்கையைக் கொஞ்சமாகத் திருப்பிக் காட்டினார். துளசி.

எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. பெருமாள் கோயில் தீர்த்தம். ஒரு செம்பு நிறைய வாங்கி, பஸ்ஸில் சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பிள்ளை ஊரைவிட்டுப் போகக் கூடாதென்று அவ்வளவையும் ஊற்றியிருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது என்று எத்தனையோ தடவை காதால் கேட்ட மனுஷிதான். ஆனால் தீர்த்தத்தைத் தண்ணீர் என்று எங்கள் பக்கத்தில் யார் நினைப்பார்கள்?

அத்தை வாசற்படியில் இருந்தபடி, "என்னய்யா ஆச்சு?" என்றார்.

அவர் இலையை மெல்ல வேட்டி மடியில் முடிந்துகொண்டார். "ஸ்பிரிட்டு சரியில்ல ஆத்தா. கடைக்காரப் பய தண்ணி கலந்திருக்கான்" என்றார். எழுந்து வரும்போது எனக்கு மட்டும் கேட்கிறாற்போல, "மூச்சு விடாத" என்றார்.

எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. கத்தியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆனி மாதம் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், போனார். வடக்கே அசாம் பக்கம் ஏதோ ஒர்க்ஷாப் என்றார்கள். அந்தச் சோப்பு எங்களுக்கு மறு வருஷம் வரை வந்தது. அதைப் போட்டுத் துவைத்தால் புங்கெண்ணெய் வாடை துணியைவிட்டுப் போகாது. அவருடைய பழைய சட்டையொன்று வீட்டில் கிடந்தது. அழுக்கே இல்லாவிட்டாலும் எடுத்துத் துவைப்பேன், காய்ந்ததும் மடித்து முகத்தில் வைத்துக்கொள்வேன். அவர் கையும் அந்தக் கோடையில் அப்படித்தான் மணந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வயதில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் ஏன் கெட்டி என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை மட்டும் அந்தச் சோப்பைத் தொட்டதில்லை. வாடை ஆகவில்லை என்று சொல்லி உவர்மண்ணைப் போட்டுத் துவைத்துக்கொள்வார்.

நடுவில் ஒரே ஒரு தடவை என் புருஷன் லீவில் வந்தார். யுத்தம் முடிந்தும் அவர் நிரந்தரமாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே மகனைக் கண்ணால் பார்த்தது அந்த லீவில்தான் கடைசி.

லீவு முடிந்து கிளம்புகிற அன்று வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். எங்கள் வீட்டில் வழிபடுவது பெருமாளையென்றாலும் நெற்றிக்குத் திருநீறுதான். ஊருக்குப் போகிறவருக்கு வீட்டில் மூத்த கைதான் பூச வேண்டும். அவர் அத்தை முன்னால் குனிந்து நின்றார். அத்தை திருநீற்று மரவையை வாங்கினார். வாங்கியவர், என் பக்கம் நீட்டினார்.

"நீ பூசு தாயி. என் கை வேணாம்."

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் நிமிர்ந்து, "என்ன ஆத்தா இது? நீ பூசு" என்றார்.

"எலைய மடியில முடிஞ்சியே, நான் பாத்தேன்யா" என்றார் அத்தை. "தண்ணி படக்கூடாதுன்னுதான் நீ சொன்ன. தீர்த்தத்த எனக்குத் தண்ணின்னு தோணலையே. ஒரு தடவ என் கையாலேயே உன்ன அனுப்பியாச்சு. இந்தத் தடவயாச்சும் அவ பூசட்டும், நீ திரும்பி வந்துருவ."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவர் என் முன்னால் குனிந்தார்.

பூசினேன். திருநீறு கொஞ்சம் அவர் இமையில் கொட்டியது, அதையும் நானே துடைத்துவிட்டேன். ஊர் பார்க்க நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை நாளாக நான் தொட ஏங்கிக் கிடந்த நெற்றி அது. என் விரலுக்குக் கீழே சூடாக இருந்தது. பக்கத்திலேயே அத்தை, இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, என் விரல் போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.